பேணியில் எழுதிய பெயர்

முப்பத்தாறு வருடம் ஒரு மனிதனோடு குடும்பம் நடத்திய இம்மாகுலேற், அந்த மனிதனின் பெயரை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தாய் தன் புருசனின் பெயரைச் சொன்னதில்லை, பெரியதாய் சொன்னதில்லை, அதனால் இவளும் சொல்லவில்லை. வீட்டுக்குள் ‘இஞ்சாருங்கோ’, வெளியில் ‘இவர்’, மகன் பிறந்த பிறகு ‘றொமேஷின்ரை அப்பா’. லண்டனுக்கு வந்தால் இதெல்லாம் மாறிவிடும் என்று நினைப்பவர்களுக்கு லண்டனையும் தெரியாது, இம்மாகுலேற்றையும் தெரியாது. மோர்டனில் டொக்டரிடம் போனால், முன்மேசையில் இருக்கும் பிள்ளை கணவரின் பெயர் என்ன என்று கேட்பாள். இவள் கைப்பையைத் துழாவி, அப்பொயின்ற்மென்ற் துண்டை எடுத்து, பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்டுவாள். பாவம், இந்த அம்மாவுக்கு இங்கிலிஷ் வராதாக்கும் என்று அந்தப் பிள்ளை மெதுவாகவும் சத்தமாகவும் பேசத் தொடங்கும். சுப்பர்மார்க்கற்றில் காசு வாங்கும் டில்லில் பதினெட்டு வருடம் நின்றவளுக்கு அதைக் கேட்கப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பெயர் மட்டும் வராது.

பெனடிக்ற்றுக்கு இது பெரிய பகிடி. பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து வந்து, சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவார்.

“இஞ்சை, ஒருக்கா என்ரை பேரைச் சொல்லன் பாப்பம்.”

“உங்களுக்கு வேறை வேலை இல்லையே? தேத்தண்ணி ஆறுது.”

“நான் எங்கையாவது துலைஞ்சு போனா? பொலிஸ் வந்து உன்ரை மனுசன்ரை பேர் என்னெண்டு கேட்டா?”

“எழுதிக் குடுப்பன்.”

மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். வீட்டுக்கு வந்த ஒருவரையும், தபால்காரனையும், கவுன்சிலில் இருந்து குப்பைத்தொட்டி பார்க்க வந்தவனையும்கூட, தேத்தண்ணி குடிக்காமல் விடாத மனிதர். பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பாதிக் கோப்பைத் தேத்தண்ணி மேசையில் இருக்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் எழும்பவில்லை.

செத்தவீட்டுக்குக் கோயில் கொள்ளாத சனம். அதற்குப் பிறகுதான் இம்மாகுலேற் ஒன்றைக் கவனித்தாள். பெனடிக்ற் என்ற பெயரை ஒருவரும் சொல்கிறார்களில்லை. வருகிறவர்கள் ‘அண்ணை’ என்றார்கள், ‘உங்கடை அவர்’ என்றார்கள். றொமேஷுக்கு அவர் அப்பா. தபாலிலும் அந்தப் பெயர் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. அந்தப் பெயர் இந்த வீட்டை விட்டுப் போகப்போகிறது என்று அவளுக்குப் பயம் பிடித்தது. தான் சொன்னால் இருக்கும். ஆனால் சொல்ல வாய் வர வேண்டுமே.

சொல்ல முடியாததை எழுதலாம் அல்லவா? டூட்டிங்கில் ஒரு கடையில் போய், முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கென்று எவர்சில்வர் பேணிகளுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். தேத்தண்ணி குடிக்க வாகாக, பிடி வைத்த, கொஞ்சம் வயிறு பருத்த பேணி. வயிற்றில் ஒரு சின்னச் சிலுவை, அதன் கீழே ‘பெனடிக்ற் செபமாலைமுத்து’, அதன் கீழே பிறந்த வருடமும் இறந்த வருடமும். செத்தவீட்டுக்கு வந்த கூட்டத்தை மனதில் வைத்து, நானூறு.

லண்டனின் மறுபக்கம், செவன் கிங்ஸில் இருந்து வந்த றொமேஷ் தலையில் கையை வைத்தான்.

“அம்மா, இப்ப ஒருத்தரும் உதுகளைக் கொண்டுபோறேல்லை. ஒரு சின்ன மரக்கன்று குடுப்பம். அதுதான் இப்ப எல்லாரும் செய்யினம்.”

“மரக்கன்றிலை பேர் எழுத ஏலுமோ?”

றொமேஷ் தாயோடு கதைத்து வென்ற சரித்திரம் அந்த வீட்டில் இல்லை.

ஆனால் அவன் சொன்னதுதான் நடந்தது. நினைவுப் பூசை வைத்த சனிக்கிழமை இல்ஃபோர்ட் பக்கம் இரண்டு கல்யாணமும் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீடும். பூசைக்கு வந்தது செத்தவீட்டுக்கு வந்ததில் கால்வாசி. வந்தவர்கள் பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் சாப்பிட்டார்கள், கண்ணைத் துடைத்தார்கள், இம்மாகுலேற்றின் கையைப் பிடித்தார்கள், போய்விட்டார்கள். பேணிகள் போகவில்லை. கதிரைகளுக்குக் கீழே, ஜன்னல் விளிம்பில், கோட்டுக் கொழுவும் இடத்தில் என்று மண்டபம் முழுக்கப் பெனடிக்ற் கிடந்தார்.

சனத்தைக் குறை சொல்லவும் ஏலாது. லண்டனில் எங்கள் ஆட்களின் அலுமாரியைத் திறந்தால், பத்துப் பேரின் கல்யாணமும் இருபது பேரின் மரணமும் எவர்சில்வரில் அடுக்கியிருக்கும். இனி எங்கே வைப்பது? செத்தவீட்டுச் சாமானை வீட்டுக்குள் எடுக்க அஞ்சுகிறவர்களும் உண்டு. இதெல்லாம் இம்மாகுலேற்றுக்குத் தெரியாததல்ல. ஆனால் மண்டபத்தைக் கூட்டித் துடைக்க நின்ற சிநேகிதி கிளறிற்றா, எதையோ சீலைத்தலைப்பால் மறைத்துக்கொண்டு குசினிப் பக்கம் போவதைக் கண்டு இம்மாகுலேற் பின்னால் போனாள். குப்பைத்தொட்டிக்குள், எச்சில் பிளேட்டுகளோடு, இரண்டு பேணி கிடந்திருக்கிறது. அதைத்தான் கிளறிற்றா எடுத்து ஒளித்திருக்கிறாள்.

“தெரியாமல் போட்டிருப்பினம் அக்கா.”

“ஓம். தெரியாமல்தான்.”

இரண்டையும் வாங்கிக் கழுவி, தன் கறுப்புச் சீலையாலேயே துடைத்தாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து, மீதிப் பெட்டிகளை மகன் சின்ன அறைக்குள் அடுக்கி முடித்து, கதவைச் சாத்திய பிறகு அழுதாள். றொமேஷ் ‘நான் அப்பவே சொன்னனான்’ என்று ஒரு சொல் சொல்லவில்லை. அதற்காக அவனுக்கு அவள் இன்றைக்கும் நன்றியாக இருக்கிறாள்.

ஈஸ்ரருக்குப் பிறகு, வீடு மந்திரிக்க பாதர் கொண்ட்வானி வந்தார். மலாவி நாட்டுக்காரர், பங்குக்கு உதவிக் குருவாக வந்து இரண்டு வருடமாகிறது. பெனடிக்ற்றின் தேத்தண்ணிக்கு நிரந்தர வாடிக்கையாளர்களில் ஒருவர். பாதரோடு இம்மாகுலேற் பேசுவது இங்கிலிஷில்தான் என்றாலும், அது யாழ்ப்பாணத்துத் தமிழின் வாசத்தோடுதான் வரும். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

தீர்த்தம் தெளித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக வந்த பாதர், சின்ன அறைக் கதவையும் திறந்தார். மேலே இருந்த பெட்டி வாய் திறந்து கிடந்தது. ஒரு பேணியை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். செபத்தைப் பாதியில் விட்டுவிட்டார் என்று இம்மாகுலேற்றுக்குப் பட்டது.

“இப்படி எத்தனை இருக்கிறது?”

“வேண்டிய அளவு இருக்கு பாதர். ஏன் கேக்கிறியள்?”

குசினியில் வந்து இருந்து பாதர் சொன்னார். அவருடைய அக்கா தோகோசானி, பெரிய வீதியில் இருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியை. ஒரு வகுப்பில் நூற்றுக்கு மேல் பிள்ளைகள். எட்டுப் பேருக்கு ஒரு புத்தகம். நடுவில் இருக்கிற பிள்ளை வாசிக்கும், ஓரத்தில் இருக்கிற பிள்ளை கேட்கும். ஒரு புயலில் ஒரு கட்டடத்தின் கூரை போய்விட்டது. அந்த வகுப்புகள் மரத்தின் கீழே நடக்கின்றன. மழை வந்தால் பள்ளிக்கூடம் வீட்டுக்குப் போய்விடும்.

“காலையில் கஞ்சி கொடுக்கிறார்கள். சோளமும் சோயாவும் சேர்ந்த மா. ஒரு தொண்டு நிறுவனம் தருகிறது. அதை நம்பித்தான் பாதிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் பாத்திரம் பிள்ளைதான் கொண்டுவர வேண்டும். வீட்டிலேயே ஒரு கோப்பையை நாலு பேர் பாவிக்கிறவர்கள் எதைக் கொண்டுவருவது? பெயின்ற் வாளி மூடியில் வாங்குகிறார்கள். வெட்டின எண்ணெய்க் கானில் வாங்குகிறார்கள். இல்லாதவன் சிநேகிதன் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பான். அதற்குள் மணி அடித்துவிடும். சின்னப் பிள்ளைகள்தான் எப்போதும் கடைசி. அக்கா போன கிழமை போனில் என்னிடம் அழுதாள். கஞ்சி இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, நடுவில் ஒரு கோப்பை இல்லை என்றாள்.”

இம்மாகுலேற் தேத்தண்ணி ஊற்றினாள். பிறகு, மறைக்கக் கூடாது என்று நினைத்துச் சொன்னாள்.

“பாதர், இது செத்தவீட்டுப் பேணி. இதிலை இருக்கிறது இவரின்ரை பேரும் இவர் செத்த வருசமும். எங்கடை ஆக்களே வீட்டுக்குக் கொண்டுபோகேல்லை. சின்னப் பிள்ளையள் குடிக்கிறதுக்கு...”

“என் அம்மா சமைத்த பானை அவளுடைய அம்மாவின் பானை. ஆச்சி செத்தபோது பானையையும் புதைத்திருந்தால் நாங்கள் எதில் சாப்பிட்டிருப்போம்?”

அன்று பின்னேரம் றொமேஷுக்குப் போன் எடுத்தாள். அவனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சந்தோசத்தில் புத்திசாலித்தனம் ஒன்றும் கூடவே வந்துவிட்டது.

“அம்மா, எனக்குத் தெரிஞ்ச இடத்திலை மெசின் இருக்கு. பேரைத் தேய்ச்சு எடுத்திட்டு அனுப்புவம். அங்கை தமிழ் வாசிக்க ஆரிருக்கினம்? புதுசு மாதிரி இருக்கும்.”

“பேரைத் தேய்ச்சா, என்னத்தை அனுப்பிறது? இரும்பையோ?”

போனை வைத்துவிட்டாள். அடுத்த நிமிடமே அவன் திருப்பி எடுத்து, “சொறி அம்மா” என்றான். அவளுக்கு அவனில் கோபம் இல்லை. அவன் சொன்னதில் ஒரு உண்மை இருந்ததுதான் குத்தியது. அங்கே யாருக்கும் அது எழுத்தே இல்லை, கீறல். தேய்த்தாலும் ஒன்று, தேய்க்காவிட்டாலும் ஒன்று. இங்கே வாசிக்கத் தெரிந்தவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள், அங்கே வாசிக்கத் தெரியாதவர்கள் எடுத்து வைத்திருப்பார்கள். எதுவானாலும் பிள்ளைகள் பசியோடு நிற்கக் கூடாது. ஞாயிறு பூசைக்குப் பிறகு பாதரிடம் போய் “எல்லாத்தையும் அனுப்புவம்” என்றாள்.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் இருக்கும் மலாவிக்காரர்கள் ஊருக்குக் கப்பலில் சாமான் போடுகிறார்களாம். பெரிய நீல பிளாஸ்ரிக் ட்ரம்கள் இரண்டைப் பாதர் உருட்டிக்கொண்டு வந்தார். பெட்டி கட்டுவது என்றால் எங்கள் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருக்குச் சாமான் அனுப்பி அனுப்பி, சப்பாத்துக்குள் சவர்க்காரமும் சவர்க்காரத்துக்கு இடையில் பனடோல் மாத்திரையும் செருகப் பழகிய கைகள். கிளறிற்றா ஒரு சொல் சொல்லிவிட, மண்டபத்தில் பேணியை விட்டுவிட்டுப் போனவர்களே பென்சிலும் அழிறப்பரும் சோக்கட்டியுமாக வந்து நின்றார்கள். சிலர், வீட்டுக்குக் கொண்டுபோன பேணியையும் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

“நாங்கள் வைச்சிருந்து என்ன செய்யிறது அக்கா. பிள்ளையள் குடிக்கட்டும்” என்றார்கள், முகத்தைப் பார்க்காமல்.

இம்மாகுலேற்றுக்கு முதலில் வந்தது கோபம்தான். பிறகு, அவர்கள் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து ஒவ்வொரு பேணியையும் துடைத்து, உள்ளே நாலு பென்சில் வைத்து, ஒன்றோடு ஒன்று நெருக்கி அடுக்குவதைப் பார்க்கக் கோபம் போய்விட்டது. எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டாள். பெனடிக்ற் இருந்திருந்தால் இரண்டாம் தரமும் ஊற்றியிருப்பார் என்று நினைத்து, இரண்டாம் தரமும் ஊற்றினாள்.

ட்ரம்களின் வாயில் கொஞ்ச இடம் மிஞ்சியது. இடம் மிஞ்சினால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. வெறுங்கஞ்சி குடிக்கிற பிள்ளைகள், வாய்க்கு ருசியாக ஏதும் வேண்டாமா என்று இம்மாகுலேற், தான் வறுத்து இடித்த மிளகாய்த்தூளில் மூன்று பக்கற்றைச் செருகினாள்.

பிறகு கப்பல், துறைமுகம், லொறி என்று மாதங்கள் போயின. கோடை முடிந்தது. ட்ரம்கள் போய்ச் சேர்ந்தன என்று மட்டும் ஒரு செய்தி வந்தது. இம்மாகுலேற் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை என்றுதான் எல்லாருக்கும் சொன்னாள். பூசை முடிந்து பாதர் வெளியில் வரும்போது மட்டும், வாசலில் கொஞ்சம் கூட நேரம் நின்றாள்.

ஒக்ரோபரில் ஒரு காலை, பாதர் போனோடு வந்தார். றொமேஷும் அன்று வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று தாயிடம் வந்திருந்தான். “அக்கா உங்களைப் பார்க்க வேண்டுமாம்” என்று பாதர் போனைக் குசினி மேசையில், சீனிப்போத்தலில் சாய்த்து வைத்தார். திரையில் வெயில். பிறகு ஒரு வட்ட முகம், மூக்குக்கண்ணாடி, பெரிய சிரிப்பு. தோகோசானி.

“அம்மா, முதலில் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள்” என்று போனைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். கூரை இல்லாத கட்டடம், சுவரில் கறுப்பு பெயின்ற் அடித்த பலகை, மரத்தின் கீழே அடுக்கிவைத்தது போல நெருங்கி இருந்த பிள்ளைகள். ஒளிக்காமல் சொன்னார். “கூரை இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் மழை வரும், மரத்தடி வகுப்புகள் நிற்கும். இரண்டு ஆசிரியைகள் மாற்றலாகிப் போய்விட்டார்கள், பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. உங்கள் கோப்பைகளால் அதெல்லாம் தீராது. ஆனால் இந்தத் தவணையில் ஒரு பிள்ளைகூடக் கஞ்சிக்குப் பின்னால் நிற்கவில்லை. வராமல் இருந்த சின்னதுகள் வருகிறார்கள். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

இம்மாகுலேற் தலையாட்டினாள்.

“அந்தக் கோப்பைகள் சும்மா இருப்பதில்லை” என்றார் தோகோசானி. கஞ்சி முடிந்து கழுவியதும் மண்ணில் கவிழ்த்து வட்டம் கீறுகிறார்களாம். தண்ணீர் ஊற்றி அரை, கால் படிக்கிறார்களாம். உடைந்துபோன மணிக்குப் பதிலாக ஒரு பேணியைக் கட்டித் தொங்கவிட்டு அடிக்கிறார்களாம். “ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சிவப்புத் தூள் என்ன? வழியில் உடைந்து எல்லாவற்றிலும் பூசியிருந்தது. மூன்று தரம் கழுவினோம். அப்படியும் முதல் நாள் கஞ்சி குடித்த பிள்ளைகளுக்கு மூக்கால் தண்ணீர் வந்தது. இப்போது, இன்றைக்கு ஏன் அது இல்லை என்று கேட்கிறார்கள்.”

“மாதாவே!” என்று இம்மாகுலேற் வாயைப் பொத்தினாள். றொமேஷ் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். பாதரும் சிரித்தார். அந்தக் குசினியில் அப்படிச் சிரிப்புக் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் தோகோசானி சொன்னார். “பிள்ளைகளுக்கு உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. கோப்பையில் இருக்கிற கீறல் என்னவென்று என்னைக் கேட்டார்கள். அதைத் தந்த மனிதருடைய பெயர் என்று தம்பி எனக்குச் சொல்லியிருந்தான், நானும் அதைச் சொன்னேன். அன்றிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறார்கள். இதோ பாருங்கள்.”

போன் திரும்பியது. கறுப்புப் பலகை. அதில் வெள்ளைச் சோக்கட்டியால், பெரிதாக, கோணல்மாணலாக, ஒவ்வொரு எழுத்தும் படம் கீறியது போல,

பெனடிக்ற்.

அதன் கீழே, நிலத்தில், மண்ணில் விரலால் எழுதிய பெனடிக்ற். பக்கத்தில் இன்னொன்று. அடுத்த பிள்ளையின் முன்னால் இன்னொன்று. காலடி வைக்க இடமில்லாமல் பெனடிக்ற், பெனடிக்ற், பெனடிக்ற்.

இம்மாகுலேற் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எழுதத் தெரியும், வாசிக்கத் தெரியாது” என்றது தோகோசானியின் குரல். “ஒவ்வொரு காலையும் கஞ்சிக்கு முன்னால் நன்றி சொல்லிச் செபிக்கிறோம். பெயர் இல்லாமல் சொல்கிறோம். தம்பியிடம் கேட்கலாம் என்றேன். இல்லை, அந்த அம்மாதான் சொல்ல வேண்டும் என்கிறார்கள். எப்படிச் சொல்வது, அம்மா?”

திரையில் நூறு முகத்துக்கு மேல், எல்லாம் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. றொமேஷுக்குத் தாயைத் தெரியும். சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடத்தில், டொக்டரிடம், பாங்கில், தாய் தடுமாறும் இடத்தில் ‘டாட்ஸ் நேம் இஸ்’ என்று முந்திக்கொண்டு சொல்லிப் பழகியவன். இப்போதும் போனுக்கு முன்னால் குனிந்தான்.

இம்மாகுலேற் அவனுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. முகம் கல்யாணப் பெண்ணுக்குப் போலச் சிவந்து, சீலைத்தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினாள்.

“பெனடிக்ற்” என்றாள்.

கொஞ்சம் பிந்தி, எத்தனையோ கடல் தாண்டி, நூறு வாய் ஒன்றாகத் திறந்தது. “பெ-ன-டி-கி-தோ!”

“இல்லைப் பிள்ளையள். பெனடிக்ற்.”

“பெனடிகிதோ!”

“இன்னொருக்கா சொல்லுங்கோ. பெனடிக்ற்.”

அவர்கள் சொன்னார்கள். அவள் சொன்னாள். திரும்பவும் சொன்னாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் சொல்கிறாளா, சொல்லச் சொல்ல இனிக்கிறது என்று சொல்கிறாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. முப்பத்தாறு வருடத்துக்கும் சேர்த்துச் சொன்னாள். றொமேஷ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினான். பிறகு அங்கே ஒரு ஆசிரியை கையைக் காட்ட, பிள்ளைகள் எல்லாரும் பேணியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். எவர்சில்வரில் வெயில் பட்டுத் திரை முழுக்கப் பளிச்சென்றது. “ஸிக்கோமோ, பெனடிகிதோ!” என்று கத்தினார்கள். ஸிக்கோமோ என்றால் அவர்களுடைய பாஷையில் நன்றி என்று பாதர் சொன்னார்.

“நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லோணும்” என்றாள் இம்மாகுலேற். அதை அவள் தமிழில்தான் சொன்னாள். ஏனென்று யாரும் கேட்கவில்லை.

போனை வைத்த பிறகு பாதருக்கும் மகனுக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். ட்ரம்முக்குள் போடாமல் மறித்து வைத்திருந்த ஒரு பேணி, குப்பைத்தொட்டியில் கிடந்த இரண்டில் ஒன்று, அலுமாரியில் இருந்தது. அதை எடுத்துத் தனக்கும் ஊற்றினாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்து, மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றாள்.

“இஞ்சாருங்கோ,” என்றாள். “கேட்டனீங்களே?”